ரோவரும் மஞ்சள் டட்சனும்

கணவர் சிவசம்புவின் இரண்டாம் ஆண்டுத் திவசம் முடிந்த கையோடு குணபூசணி ரோவரை விற்றுவிடுவதென்று முடிவு செய்தாள். வேறு வழியில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் அவர்கள் காலங்காலமாக வாடகைக்கு இருந்த வீட்டு வரிசையை இடித்துவிட்டு அடுக்குமாடி எழுப்பப் போவதாக வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். இனி ரவாங்கில் மகள் சிவமலரோடுதான் வாசம். மகளுடைய வீடு ஒரு தாமான் குடியிருப்பில் நெருக்கியடித்து நிற்கும் வரிசை வீடு. வாசலில் மருமகனின் ப்ரோட்டோன் நிற்கும். அதற்குப் பின்னால் இன்னொரு காரைச் செருகினால் கேட்டைச் சாத்த முடியாது.

குணபூசணியிடம் இருந்தவையோ இரண்டு கார்கள்.

ஒன்று சிவசம்புவின் ரோவர். ஐம்பத்தேழில் இங்கிலாந்தில் செய்தது. கரும்பச்சை நிறம், தோல் இருக்கைகள், ஸ்டீரிங்குக்கு முன்னால் பளபளவென்று மரப்பலகை. சிவசம்பு ரயில்வேயில் கடைசிக் குமாஸ்தாவாகச் சேர்ந்த காலத்தில் அவருடைய வெள்ளைக்கார மேலதிகாரி இப்படியொரு காரில்தான் வந்து இறங்குவாராம். கதவு மூடும் சத்தம் கேட்டதும் அலுவலகம் முழுக்க எழுந்து நிற்குமாம். சிவசம்பு தலைமைக் குமாஸ்தாவான பிறகு, எழுபத்து நாலில், ஈப்போ பக்கத்துத் தோட்டத் துரையொருவர் ஊர் திரும்பும்போது விட்டுப்போன ரோவரைத் தேடிப் பிடித்து வாங்கி வந்தார். வீட்டுப் பக்கத்தில் அதற்கென்று தகரக் கொட்டகை எழும்பியது. ஞாயிறு காலைகளில் பனியனோடு அதன் முன்னால் குந்தி, பல் விளக்கும் பிரஷ்ஷால் கிரில்லைப் பட்டை பட்டையாகத் துலக்குவார். எப்போதாவதுதான் கார் ரோட்டுக்கு வரும். குணபூசணியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வாரே தவிர, ஒரு நாளும் ஓட்டத் தந்ததில்லை.

"இது உம்முடைய பள்ளிக்கூடக் கார் இல்லை" என்பார்.

அந்தப் பள்ளிக்கூடக் கார்தான் இரண்டாவது. கடுகு மஞ்சள் நிறத்தில், இரண்டே கதவுள்ள டட்சன் 120ஒய். ரோவர் வந்த அடுத்த வருஷம் அவள் தன் சம்பளத்தில் வாங்கியது. ஓய்வு பெறும்வரை அதில்தான் பள்ளிக்கூடம் போய் வந்தாள். சக ஆசிரியைகளையும், திருத்தாத கொப்பிகளையும், கேஸ் சிலிண்டரையும், டுரியான் கூடைகளையும், ஒரு தடவை தையல் மெஷினையும் அது சுமந்திருக்கிறது. கழுவுவது மழையின் வேலை. ஜம்பு மரத்தடியில் கிடந்து கிடந்து கூரையில் சாயம் வெளுத்திருந்தது. இடப்பக்கக் கதவில், பள்ளிக்கூட கேட்டில் மோதிய பள்ளம் அப்படியே இருந்தது. வீடு மாறும்போது அதைப் பழைய இரும்புக்குத் தள்ளிவிடலாமென்பதுதான் திட்டம்.

ரோவரைப் பற்றி அவளுக்குக் கவலையே இருக்கவில்லை. "நான் போனாலும் நீர் யோசிக்க வேண்டாம். ரோவர் நிக்குது. வாங்க ஆட்கள் வரிசையில நிப்பினம்" என்று சிவசம்பு பலமுறை சொல்லியிருந்தார். பழைய கார் வைத்திருக்கும் நண்பர்கள் ஞாயிறு மாலைகளில் வந்து அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துப் பெருமூச்சு விட்டுப் போனதை அவளே பார்த்திருக்கிறாள்.

பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தாள்.

வரிசை எதுவும் வரவில்லை. போன் வந்தது. ஒருவர் ஏர்கான் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றதும் வைத்துவிட்டார். இன்னொருவர், இந்த இன்ஜினைத் தூக்கிப்போட்டுவிட்டு ஜப்பான் இன்ஜின் வைக்க இடம் இருக்குமா என்றார். மூன்றாவதாகப் பேசியவர் பழைய இரும்பு வியாபாரி. எடை எவ்வளவு இருக்கும் என்று விசாரித்தார்.

அவள் வீரசிங்கத்தைக் கூப்பிட்டாள். வீரசிங்கம் சிவசம்புவின் சிநேகிதர், ஓய்வுபெற்ற சர்வேயர், வீட்டில் ஒரு பழைய ஜாகுவார் வைத்திருப்பவர். 'சம்பு, எப்பவாவது விக்கிறதெண்டா முதல்ல எனக்குச் சொல்லு' என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தவர்.

வந்தார். கொட்டகைக்குள் நின்று, பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"நீங்கள் எடுக்கிறீங்களோ அண்ணை?" என்றாள் குணபூசணி.

"நானோ? பிள்ளை, என்னுடைய ஜாகுவாரே செங்கல்லுக்கு மேல நிக்குது. டாக்டர் என்னைக் கார் ஓட்டக் கூடாதெண்டிட்டார். மகன்மார் ரெண்டு பேரும் வேண்டாமாம். சும்மா தந்தாலும் வேண்டாமாம்."

"அப்ப உங்கட மற்ற சிநேகிதர் ஆராவது?"

வீரசிங்கம் விரல்விட்டு எண்ணினார். ஒருவர் காலமாகிவிட்டார். ஒருவர் பெர்த்துக்குப் போய்விட்டார். இன்னொருவரும் தன் காருக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்.

"வாங்கிற வயசில இருந்த நாங்கள் எல்லாரும் ஒரேயடியா விக்கிற வயசுக்கு வந்திட்டம்" என்றார். "எங்களுக்குப் பிறகு இதுக்கு ஆள் இருக்குமோ இல்லையோ எண்டு ஒருத்தனும் யோசிக்கேல்ல பாரும்."

குணபூசணிக்கு எரிச்சலாக இருந்தது. இவ்வளவு படித்தவர்கள், ஒரு மனிதராவது யோசித்திருக்கக் கூடாதா? ஆனால் அவர் போகும்போது கொட்டகைக் கதவைத் தாமே மெதுவாகச் சாத்திவிட்டுப் போனதைப் பார்த்து எரிச்சல் போய்விட்டது.

அடுத்த சனிக்கிழமை ஓர் இளைஞன் வந்தான். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். காப்பாரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்திருந்தான். பெயர் கார்த்திகேசு, பவர் ஸ்டேஷனில் டெக்னீஷியன். விளம்பரத்தைப் பார்த்து வந்தேன் என்றான். குணபூசணி அவனைக் கொட்டகைக்கு அழைத்துப்போய் ரோவரின் உறையை நீக்கினாள். அவன் மரியாதையோடு, கோயில் மண்டபத்தில் நிற்பவனைப்போலக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தான்.

"நல்லா வச்சிருக்காரு ஆன்டி. அங்கிள் ரொம்ப பாடுபட்டிருக்காரு" என்றான். பிறகு தயங்கி, "ஆன்டி, வரும்போது பாத்தேன். அந்த மரத்தடியில ஒரு காடி நிக்குதே. அது யாருது?" என்றான்.

"அதுவோ? அது என்ர பழைய கார். ஏன்?"

அவன் ஜம்பு மரத்தை நோக்கி நடந்தான். அவள் பின்னால் போவதற்குள் கார்த்திகேசு மண்ணில் மல்லாந்து படுத்து, டட்சனுக்கு அடியில் தலையைவிட்டிருந்தான். வெளியே வந்தபோது முதுகெல்லாம் இலைச்சருகு, முகமெல்லாம் சிரிப்பு.

"ஆன்டி, டூ டோர்! கீழ துரு ரொம்ப இல்ல. பம்பர் ஒரிஜினல். ஹப் கேப் நாலும் இருக்கு. இந்த லைட்டெல்லாம் இப்ப எங்க தேடினாலும் கெடைக்காது லா. யாருகிட்டயாவது குடுத்திட்டீங்களா?"

"ஆருக்குக் கொடுக்கிறது? இரும்புக் கடைக்குத்தான்."

அவன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டான். பிறகு ஒரு தொகை சொன்னான். ரோவருக்கு அவள் மனத்துக்குள் நினைத்து வைத்திருந்ததைவிட அது அதிகம்.

குணபூசணிக்கு முதலில் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று சந்தேகம். இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். அதையே சொன்னான்.

"தம்பி, நீர் கார் மாறிப் பாக்கிறீர். விக்கிறது அந்தப் பச்சை."

"தெரியும் ஆன்டி. ஆனா எனக்கு இதுதான் வேணும்."

"இதில கதவு நசுங்கியிருக்கு."

"இருக்கட்டும். அத நான் தட்டி எடுக்க மாட்டேன்."

"ஏன் தட்ட மாட்டீர்?"

அவன் தலையைச் சொறிந்தான். யோசித்துச் சொல்லுங்க ஆன்டி என்று, தன் முகவரியையும் போன் நம்பரையும் சிகரெட் அட்டையில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். கேட் வரை போய் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தான். ரோவரின் பக்கம் அவன் பார்வை போகவேயில்லை.

அன்று சாயங்காலம் அவள் ஒரு காரியம் செய்தாள். டட்சனின் கதவுகளைத் திறந்து வைத்து, இருக்கைகளைச் சாய்த்து, கால் விரிப்புகளைத் தூக்கி, பின்பெட்டியில் ஸ்டெப்னியைக்கூட நகர்த்தி, உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று தேடினாள். வேறெதற்காக ஒருவன் இதற்கு இவ்வளவு கொடுக்க வேண்டும்? கிடைத்தது ஒரு கொண்டை ஊசி, இரண்டு சாக்கட்டித் துண்டுகள், காய்ந்துபோன ஒரு ரம்புத்தான் தோல். அவ்வளவுதான்.

வீரசிங்கத்துக்குப் போன் செய்தாள்.

"கவனம் பிள்ளை" என்றார் அவர். "களவெடுத்த காருக்கு இந்தக் காரின்ட நம்பரை மாத்திப் போடுற கூட்டமா இருக்கும். இல்லாட்டி ஒரு டட்சனுக்கு ஆர் அவ்வளவு குடுப்பான்?"

சிவமலர் வேறு விதமாகச் சொன்னாள். "அம்மா, தாறன் எண்டவனிட்ட உடனே குடுங்கோ. மனம் மாறிடுவான்."

குணபூசணிக்கு இரண்டு பேச்சும் பிடிக்கவில்லை. அந்தப் பிள்ளையின் முகம் திருட்டு முகமாகத் தெரியவில்லை. அதே சமயம், சிவசம்பு இருபது வருஷம் பிரஷ் பிடித்துத் துலக்கியதை விலைக்குக் கேட்க நாதியில்லை, அவள் ஏறெடுத்தும் பார்க்காததைக் கேட்டு ஒருவன் நெஞ்சில் கை வைக்கிறான் என்றால், அது அவருக்கு நேர்ந்த அவமானம் என்று அவளுக்குப் பட்டது. இறந்துபோன மனிதரைத் தான் ஏதோ போட்டியில் தோற்கடித்துவிட்டதைப் போல ஒரு கூச்சம். இது என்ன பைத்தியக்கார நினைப்பு என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் ஞாயிறு. நேரிலேயே போய்ப் பார்த்துவிடுவது என்று டட்சனைக் கிளப்பினாள். ஃபெடரல் ஹைவேயில் ஒரு வேன்காரன் பக்கத்தில் வந்து ஹார்ன் அடித்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். டயரில் காற்று இல்லையோ என்று பயந்து ஓரத்தில் நிறுத்தி இறங்கிப் பார்த்தாள். நான்கு டயரும் நன்றாகத்தான் இருந்தன.

காப்பாரில் கார்த்திகேசுவின் வீட்டைக் கண்டுபிடித்தபோது அவன் இல்லை. கிள்ளானில் பாடாங் என்கிற திடலில் கூட்டாளிகளோடு இருக்கிறான், இப்போது வந்துவிடுவான் என்றாள் அவனுடைய அம்மா மாரியாயி. ஒல்லியான அம்மாள், வாயில் வெற்றிலை. கேரி தீவில் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்து, மகன் தலையெடுத்த பிறகு இங்கே வந்தவள். குணபூசணிக்கு நாற்காலி போட்டுவிட்டு வாசலுக்குப் போய் டட்சனைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இதேதாங்கம்மா" என்றாள். "இதே கலருதான். எங்கண்ணன் வச்சிருந்தாரு. எங்க லயத்து வீடுங்கள்லயே அவருகிட்டதான் காடி இருந்துச்சு."

"நல்ல காரோ அது?"

"எனக்கு என்னா தெரியும்? இவன் தம்பி வயித்துல இருக்கயில வலி எடுத்து அதுலதான் கிள்ளான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாரு. வழியெல்லாம் வாந்தி. எனக்கு இந்தக் காடியப் பாத்தாலே இன்னிக்கும் கொமட்டுது." அவள் வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "இவனுக்கு அப்ப ஏழு எட்டு வயசு இருக்கும். பின்னால உக்காந்து வந்தான். தீவாளிக்குத் துணி எடுக்கப் போறதும் அதுலதான். பிள்ளைங்கள அடைச்சு அடைச்சு ஏத்துவாரு. அதுக்காவ இப்ப கை காசெல்லாம் போட்டு இதையே வாங்கணுமா? நல்ல புதுக் காடி வாங்குடான்னா கேக்கறானா?"

"என்ர அவரும் அப்படித்தான்" என்றாள் குணபூசணி. "வெள்ளைக்காரன்ட கார். அவன் அதில இருந்து இறங்கேக்க இவர் எழும்பி நிப்பாராம். அதைப்போய் ஏன் வாங்க வேணும்? எனக்கெண்டா அந்தக் காரைக் கண்டாலே கோபம் வந்திருக்கும்."

"ஆமாங்க! எங்க தோட்டத்துலயும் தொர காடி வந்தா நாங்க ஓரமா ஒதுங்கி நிப்போம். அதப் போயி ஆசப்படுவாங்களா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாரியாயி தேத்தண்ணீர் கலக்கப் போனாள். அவளுடைய கடைசி மகள், தொழிற்சாலைச் சீருடையில் தலைவாரிக்கொண்டிருந்தவள், "எனக்குக் காஞ்சில் காடிதான் ஆன்டி பிடிக்கும். சின்னதா, கியூட்டா இருக்கும். இந்த மஞ்சக் காடியில ஏறச் சொன்னா நான் பஸ்ஸுல போயிருவேன்" என்று தானாகவே சொன்னாள்.

கார்த்திகேசு வந்ததும் வாசலில் டட்சனைக் கண்டு ஓடிவந்தான். விற்க வந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டான். குணபூசணி நேராகக் கேட்டாள்.

"தம்பி, உண்மையைச் சொல்லும். இதை வாங்கி என்ன செய்யப் போறீர்? நம்பர் மாத்திறதுக்கோ?"

அவன் முகம் சுருங்கிவிட்டது. "ஐயோ ஆன்டி. வாங்க, காட்றேன்" என்று, தன் மோட்டார் சைக்கிளை டட்சனில் பின்தொடரச் சொல்லி அவளைக் கிள்ளான் பாடாங்குக்கே அழைத்துப் போனான்.

மரநிழலில் இருபது முப்பது கார்கள் நின்றன. டட்சன்கள், பழைய கொரோலாக்கள், சின்ன மாஸ்டாக்கள். பார்த்த மாத்திரத்தில் குணபூசணிக்குத் தன் பள்ளிக்கூடத்தின் கார் நிறுத்துமிடம்தான் நினைவுக்கு வந்தது. கணக்கு டீச்சருடைய கார், ஹெட்மிஸ்ட்ரஸ்ஸுடைய கார், கிளார்க்குடைய கார் என்று ஒவ்வொன்றுக்கும் ஆள் சொல்லலாம் போலிருந்தது. தமிழ்ப் பையன்கள், மலாய்ப் பையன்கள், இரண்டு மூன்று சீனப் பையன்கள். ஒருவன் குந்தியிருந்து, பல் விளக்கும் பிரஷ்ஷால் ஒரு கொரோலாவின் கிரில்லைத் துலக்கிக்கொண்டிருந்தான். அவனுடைய முதுகைப் பார்த்ததும் அவள் அங்கேயே நின்றுவிட்டாள். அதே வளைவு, அதே பனியன்.

அவளுடைய டட்சனைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்தது. பின் இருக்கையில் கொஞ்சம் உட்கார்ந்து பார்க்கலாமா என்று ஒரு மலாய்ப் பையன் மரியாதையாகக் கேட்டான். உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டான். யாரும் சிரிக்கவில்லை.

"எங்க மாமா செத்தப்ப அந்தக் காடிய வித்துட்டாங்க ஆன்டி" என்றான் கார்த்திகேசு. "எங்க போச்சுன்னே தெரியல. நான் தேடாத எடம் இல்ல. ரோவரு நல்ல காருதான், இல்லன்னு சொல்லல. ஆனா அதுல நான் போனதில்ல ஆன்டி. அது போறதப் பாத்ததுகூட இல்ல."

குணபூசணி அவனுக்கு ஒன்றும் வாக்குக் கொடுக்கவில்லை. திருடன் இல்லை என்பது மட்டும் உறுதியாயிற்று. மற்றதெல்லாம் முன்னைவிடக் குழப்பமாகிவிட்டது.

ரோவருக்கு வழி பிறந்தது அந்தப் பாடாங்கில்தான். அவள் தன் சங்கடத்தைச் சொன்னபோது கார்த்திகேசு, கிள்ளானில் கல்யாணக் கார் வாடகைக்கு விடும் பழனியப்பனைப் பற்றிச் சொன்னான். அந்த வாரமே பழனியப்பன் பிரிக்ஃபீல்ட்ஸ் வந்தார். தங்கச் சங்கிலி போட்ட, தொந்தி பெருத்த மனிதர். ரோவரின் இன்ஜினைத் திறக்கச் சொல்லவேயில்லை. பின் இருக்கையில் ஏறி இறங்கிப் பார்த்து, "பொண்ணு சேலை கசங்காம உக்காரலாம். எடம் தாராளம்" என்றார். நியாயமான விலையும் சொன்னார்.

"என்ன செய்வீங்கள் இதை?" என்றாள் அவள்.

"வெள்ளை பெயிண்ட் அடிச்சு, முன்னால ரிப்பனு, பூ, பொம்மை. சும்மா ஜம்முன்னு இருக்கும்க்கா."

வெள்ளை! குணபூசணி உள்ளே போய்ச் சுவரில் மாட்டியிருந்த சிவசம்புவின் படத்துக்கு முன்னால் நின்றாள். ஏதாவது தோன்றும் என்று எதிர்பார்த்தாள். ஒன்றும் தோன்றவில்லை. அவர் வழக்கம்போல நேரே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்து, "பச்சையா விட்டால் தாறன். பொம்மை வைக்கலாம்" என்றாள். பழனியப்பன் தாடையைத் தடவிக்கொண்டு, சரி என்றார்.

காரை எடுத்துப்போக ஆள் அனுப்புகிறேன் என்றவரிடம், நானே கொண்டுவந்து விடுகிறேன் என்று அவள் சொன்னது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. துணைக்கு வீரசிங்கம் வந்தார். முன் இருக்கையில் உட்கார்ந்து கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு, "சோக்கை இழும். இப்ப மெல்ல விடும். மெல்ல" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஸ்டீரிங் பெரியதாக, கனமாக இருந்தது. முதல் இரண்டு சந்திகளில் கார் நின்றுபோயிற்று. பிறகு ஹைவேயில் ஏறியதும் அது சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போயிற்று. இப்படி இருக்கும் என்று அவர் சொன்னதேயில்லையே என்று அவள் நினைத்தாள். இல்லை, சொல்லியிருப்பார். நாம்தான் காது கொடுத்திருக்க மாட்டோம்.

இளைஞர்கள் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கிள்ளான் பாலத்தருகே மட்டும், சைக்கிளில் வந்த ஒரு வயதான சீனர் ஒரு காலை ஊன்றி நின்று, கார் கடந்து போகும்வரை பார்த்தார். அவர் முகத்தில் இருந்தது ஆசையா, பயமா, பழைய கோபமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் கையை உயர்த்தினாள். அவரும் உயர்த்தினார்.

"உமக்கு ஆளைத் தெரியுமோ?" என்றார் வீரசிங்கம்.

"இல்லை" என்றாள்.

சாவியைப் பழனியப்பனிடம் கொடுத்தபோது அவள் அழவில்லை. வீரசிங்கம்தான் அழுதார். அவரை அவள் டாக்ஸியில் வீட்டில் விட வேண்டியதாயிற்று.

டட்சனைக் கார்த்திகேசுவுக்கு அவள் கொடுக்கவில்லை. விலையை இன்னும் ஏற்றச் சொல்கிறாளோ என்று அவன் நினைத்து ஒருநாள் போன் செய்தான்.

"அதுக்கில்லைத் தம்பி" என்றாள். "அதில நீர் என்ன பாக்கிறீர் எண்டு எனக்கு இன்னும் விளங்கேல்ல. விளங்காமல் எப்படிக் குடுக்கிறது?"

"வெளங்கினா குடுத்திருவீங்களா ஆன்டி?"

"விளங்கினால் குடுக்க மனம் வருமோ எண்டும் தெரியேல்ல."

அவன் போனிலேயே சிரித்துவிட்டான். வேறு யாருக்கும் கொடுத்திடாதீங்க என்றான். அதற்கு மட்டும் அவள் சரி சொன்னாள்.

இப்போது ரவாங்கில் மருமகனின் ப்ரோட்டோன் கேட்டுக்கு வெளியே, ரோட்டோரம் நிற்கிறது. டட்சன் உள்ளே, நிழலில். முதல் வாரம் சிவமலர் வாயைத் திறந்து கேட்டேவிட்டாள். "அம்மா, இரும்புக்குப் போடுறன் எண்ட காருக்கு இப்ப இவ்வளவு மரியாதையா?" குணபூசணி, "எனக்கும் தெரியேல்ல பிள்ளை. கொஞ்ச நாள் நிக்கட்டும்" என்றாள்.

ஒரு காலை மீன் வாங்க பாசாருக்கு அதில் போனாள். நிறுத்தி இறங்கியதும் கதவைப் பூட்டினாள். இத்தனை வருஷத்தில் அதை அவள் பூட்டியதேயில்லை. பூட்டியது சரிதானா என்று இழுத்துப் பார்த்தாள். பிறகு ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நின்று, முன்பின் தெரியாத ஒருத்தியாகத் தன்னை நினைத்துக்கொண்டு, அந்தக் காரைப் பார்த்தாள். மஞ்சள் நிறம், நசுங்கிய கதவு, வெளுத்த கூரை. தலையைச் சாய்த்துப் பார்த்தாள். கண்ணை இடுக்கிப் பார்த்தாள். கார்தான் தெரிந்தது. பக்கத்தில் ஒரு லோரி வந்து நின்று அதையும் மறைத்தது. வெயில் ஏறுகிறது, கெம்போங் மீன் தீர்ந்துவிடும் என்று அவள் பாசாருக்குள் நுழைந்தாள்.